மந்தைப் பாதையில் நட்ட குச்சிகள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஸ்ரீரங்கத்து ரேஷன் கடை வாசலில் மனிதர்களைக் காட்டிலும் டின்களே அதிகம் நின்றன. மண்ணெண்ணெய்ப் பீப்பாய் எந்நாளில் வரும் என்பதைக் கடைக்காரரே அறியாத காலம் அது. ஆகவே அவரவர் டின்னை வரிசையில் வைத்து, காற்றில் உருண்டுவிடாதிருக்க அதன்மேல் ஒரு கல்லையும் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். டின் இல்லாதவர் வெறும் செங்கல்லை வைப்பார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஷிப்டு முடித்து, சைக்கிளில் காவிரிப் பாலம் கடந்து நான் வந்து சேரும்போது என் செங்கல் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை எவரும் நகர்த்தியதில்லை. அந்தச் செங்கல்லுக்குப் பின்னால் ஒரு வீட்டின் அடுப்பு இருக்கிறது என்பதை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. இவ்வளவும் அறிந்திருந்த நான் செய்த ஒரு பிழையைப் பற்றியே மேற்கொண்டு எழுதப் போகிறேன்.

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவன் அல்லன். பணிமனையில் கலாசியாக, எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஸ்டோர் குமாஸ்தாவானேன். தமிழை நூலகத்தில் உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டேன். மண்ணெண்ணெய் வரிசையைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது அச்சான வாரத்தில் எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். தெப்பக்குளத்துக்கு அருகில் குடியிருந்த கத்தோலிக்கர். 'தங்கள் கடிதத்தில் கோபமும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. எங்களுக்கு இரண்டும் தேவைப்படுகின்றன' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகப் பத்தாண்டு உழைத்தேன் என்று சொன்னால் அது மிகையன்று.

கீழச் சித்திரை வீதியில், ஓய்வூதியம் பெறும் ஒருவர் தம் வீட்டு மாடியறையைப் பேராசிரியர் நடத்திய ஆய்வு வட்டத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார்; நானும் அதில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு ஆறேழு பேர் கூடுவோம். நிலக்கரியும் எண்ணெயும் கிடைக்காத நாள் ஒன்று வந்தால், ஓர் ஊர் தன் அடுப்பையும் கிணற்றையும் விளக்கையும் தானே எவ்வாறு நடத்திக்கொள்ளும் என்பதே எங்கள் ஆய்வு. காற்றாடி, சூரிய அடுப்பு, சாண எரிவாயு என்று ஒவ்வொன்றையும் பேசி முடித்துச் சிறு வெளியீடாகக் கொண்டுவருவோம். நான் செயலாளன்; நடவடிக்கைக் குறிப்பும் வெளியீடுகளின் வாசகமும் என் பொறுப்பு. என் மனைவிக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை.

"வாரத்துல ஆறு நாள் டீசல் எஞ்சினுக்குச் சாமான் எழுதுறீங்க. ஏழாம் நாள் டீசலே வேண்டாம்னு எழுதுறீங்க. ரெண்டுல எதுங்க நிசம்?" என்பாள். "டீசல் இல்லாம ஊரு ஓடட்டும். மொதல்ல நம்ம வீட்டு ஸ்டவ்வுக்குத் திரி வாங்கிட்டு வாங்க" என்று முடிப்பாள்.

பேசிக்கொண்டே இருப்பதில் அலுப்புற்று, ஓர் ஊரிலேனும் செய்து காட்டுவது என்று தீர்மானித்தோம். திருவெள்ளறைக்கு அப்பால், துறையூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தோம். அவ்வூர்ப் பெரியதனக்காரர் பேராசிரியரின் பழைய மாணவருக்கு உறவினர். இடம் தர இசைந்தார். ஊர் முழுவதற்குமாக ஒரே சாண எரிவாயுத் தொட்டி. மாடு வைத்திருப்போர் சாணம் கொண்டுவந்து ஊற்றுவர். தொட்டியிலிருந்து குழாய் வழியே அவர்கள் அடுப்புக்கு எரிவாயு போகும். தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணிக்க, நாள்தோறும் அவ்வூரில் எவ்வளவு சாணம் கிடைக்கும் என்பது தெரிய வேண்டும். அந்தக் கணிப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

தொடர்ந்து சில ஞாயிறுகள் முதல் பஸ்ஸில் போனேன். கையில் நோட்டுப் புத்தகம், தோளில் ஒரு சிறு தராசு. வீட்டுத் தொழுவங்களைக் குறித்த பின்னர், மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்வரும் மந்தைப் பாதையையும் குறித்தேன். பாதை நெடுகச் சாணம் கிடந்தது. அவற்றுள் பலவற்றின் நடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் குச்சி ஒன்று நட்டிருந்தது. மாடு மேய்ப்பவர்களின் விளையாட்டு என்று எண்ணினேன். குச்சியோடு எடை போட்டால் கணக்குப் பிசகும் என்னும் நேர்மையினால், ஒவ்வொன்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு நிறுத்தேன். நோட்டில் அந்தப் பத்திக்கு நான் இட்ட தலைப்பு: 'உரிமையாளர் இன்றி வீணாவது.'

பாதையோரப் பனையடியில் ஒரு பெண் கூடையுடன் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வணக்கம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகஸ்தன் என்று அஞ்சுகிறாள் போலும் என்று நினைத்து நடந்தேன்.

தொட்டி கட்டி முடித்துப் பெரியதனக்காரர் வீட்டில் முதல் அடுப்பைப் பற்ற வைத்தபோது நீலச்சுடர் எழுந்தது. புகை இல்லை, கரி இல்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெளியீட்டில் நான் அந்தச் சுடரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அதைப் பிறகு படித்துப் பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை.

சில மாதங்கள் கழித்து மேற்பார்வைக்குப் போனபோது அந்தப் பெண் தொட்டிக்கரையில் உட்கார்ந்திருந்தாள். கூடை காலியாக இருந்தது.

"நீங்கதானே குச்சியப் புடுங்கிப் போட்டவரு?" என்றாள்.

"எந்தக் குச்சிம்மா?"

"சாணியில நட்டிருந்த குச்சிங்க. நான் நட்டது. ஒண்ணு ரெண்டு எங்க தெருப் பொம்பளைங்க நட்டது. காலையில பாதையில ஓடி ஓடிக் குச்சி நட்டுட்டு வயலுக்குப் போவோம். வேலை முடிஞ்சு வரப்ப அவங்கவங்களுதை அவங்கவங்க அள்ளிக்குவோம். ஒருத்தர் குச்சிய ஒருத்தர் தொட மாட்டோம், சண்டை போட்டுப் பேச்சில்லாம இருந்தாலும் தொட மாட்டோம். இத்தனை வருசத்துல தொட்ட மொத ஆளு நீங்கதான்."

அவள் தொடர்ந்தாள்.

"எனக்கு மாடு இல்லை. வறட்டிதான் அடுப்பு. இப்ப விடிஞ்சதும் தொட்டி வண்டி வந்து பாதையைச் சுத்தமா வழிச்சுட்டுப் போயிடுது. கேட்டா, 'நோட்டுல இருக்கு, இதுக்கு ஆளு கிடையாது'ங்கிறாங்க. ஆளு கிடையாதுன்னு நோட்டுல யாரு எழுதுனா?"

"நான்தான் எழுதினேன்."

"என்னைப் பாத்துக்கிட்டேதானே எழுதுனீங்க? கும்பிடு வேற போட்டீங்க!"

அருகில் சாணம் கரைத்துக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவளிடம் எஞ்சியிருந்த வறட்டி அடைமழை தொடங்கும்வரை கூட வராது என்றாள். இப்போதே அவளும் படுத்த படுக்கையான மாமியாரும் நாளுக்கு ஒரு வேளைதான் அடுப்பு மூட்டுகிறார்கள். திரும்பும் பஸ்ஸில், கொள்ளிடப் பாலத்தின் மேல் வரும்போது, ரேஷன் கடை வாசலில் வைத்துவிட்டு வந்த என் செங்கல் நினைவுக்கு வந்தது. எனக்கு அன்று வந்த களைப்பு இன்றுவரை முழுவதாக நீங்கியதென்று சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிறு மாடியறையில் இதைச் சொன்னேன். ஒருவர், அவள் வீட்டுக்கும் குழாய் இழுக்கலாமே என்றார். அவள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. அவ்வளவு தொலைவுக்கு எரிவாயு அழுத்தம் போதாது என்று பேராசிரியரே கணக்கிட்டுச் சொன்னார். மாடு வைத்திருப்போரைக் கேட்டிருந்தோம். சாணம் ஊற்றாதவர்களுக்கு எரிவாயு எதற்கு என்று அவர்கள் முன்பே சொல்லியாயிற்று.

"பாதைச் சாணம் இல்லாட்டி தொட்டி தாங்குமா சார்?" என்று கேட்டேன்.

"தாங்காது. அதையும் சேர்த்துத்தானே தொட்டியைப் பெரிசாக் கட்டினோம்" என்றார். "ஊர் ஊராப் போய்ச் சொல்றதுக்கு நம்மகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான், செயலாளரே. இது அணைஞ்சா நம்ம பேச்சை இனி யாரு கேப்பாங்க?"

"அந்த அம்மா அடுப்பு அணைஞ்சுபோய்க் கிடக்கு சார்."

"தெரியுது. எழுதினது நீங்க. திருத்த வேண்டியதும் நீங்கதான். நான் குறுக்கே நிக்கலை" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஊர்க்கூட்டம் பிள்ளையார் கோயில் முன் கூடியது. நோட்டைப் பிரித்து, அந்தப் பத்தியைப் படித்து, இது தவறு, பாதைச் சாணத்துக்கு உரிமையாளர்கள் உண்டு, அடையாளம் வைத்திருந்தார்கள், அறியாமல் அழித்தவன் நான் என்று சொன்னேன். வழக்கமாகப் பேசும் நீண்ட வாக்கியங்கள் எவையும் அன்று நாவில் வரவில்லை.

பெரியதனக்காரர் சிரித்தார். "குச்சி நட்டா பட்டாவாங்க? அப்ப நானும் நாளைக்கு ரோட்டுல ஒரு குச்சி நட்டுட்டு, இது என் ரோடுன்னு சொல்லட்டுமா?"

"எங்க ஊர்ல மண்ணெண்ணெய் வரிசையில செங்கல்லு வச்சுட்டு வேலைக்குப் போவோம்ங்க. அதை யாரும் எடுத்துப் போடறதில்லை" என்றேன்.

"அது டவுனு."

"செங்கல்லு வைக்கிறவனுக்கும் குச்சி நடுறவளுக்கும் ஒரே வயிறுதானுங்க" என்று பின்னாலிருந்து ஒரு முதியவர் குரல் கொடுத்தார். கூட்டத்தில் பலர் ஆமோதிக்கவே, பெரியதனக்காரரும் விட்டுக்கொடுத்தார். மறுநாளிலிருந்து வண்டி பாதைக்குப் போகாது என்று முடிவாயிற்று. அந்தப் பெண் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படியாக நான் எதையும் கொடுத்துவிடவும் இல்லை.

பேராசிரியர் சொன்னபடியே நடந்தது. எரிவாயு முதலில் காலைக்கு மட்டும் வந்தது. பிறகு ஒரு டீ போடும் அளவுக்கு வந்தது. ஒவ்வொரு வீடாகப் பழைய விறகடுப்புக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கும் திரும்பியது. அடுப்பு எரியாத வீட்டுக்காரர் எதற்குச் சாணம் சுமந்து வந்து ஊற்றுவார்? எரிவாயு நிரம்பினால் மேலெழும் தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்துக் கீழே தங்கிவிட்டது. அதன்மேல் ஆடுகள் ஏறி நின்றன.

எங்கள் ஆய்வு வட்டமும் அவ்வாறே நின்றது. சண்டை எதுவும் நடக்கவில்லை. ஞாயிறுகளில் நால்வர், பிறகு இருவர். இறுதியில் பேராசிரியரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, வெளியீட்டின் இரண்டாம் பதிப்பில் என்ன மாற்ற வேண்டும் என்று பேசுவோம். அவருக்குப் படியேற முடியாமற்போன பிறகு அதுவும் நின்றது. இரண்டாம் பதிப்பு வரவில்லை. நோட்டிலிருந்து அப்படியே வெளியீட்டில் அச்சான அந்தத் தலைப்பு, 'உரிமையாளர் இன்றி வீணாவது', முதற்பதிப்பின் பிரதிகள் எங்கெங்கே உள்ளனவோ அங்கெல்லாம் இன்னமும் இருக்கிறது. நான் எழுதியவற்றுள் அச்சில் மிகுதியாகப் பரவியது அதுவே.

எண்பதுகளின் பிற்பகுதியில், பணி ஓய்வுக்குப் பின், நண்பர் வீட்டு விசேஷத்துக்காகத் திருவெள்ளறைப் பக்கம் போயிருந்தேன். திரும்ப பஸ்ஸுக்காகத் துறையூர் சாலையில் நின்றபோது, சீமைக்கருவேல முட்சுமை ஒன்றைத் தரையில் இறக்கிவிட்டு ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"சாணிக்கணக்கு ஐயாதானே?"

"ஆமாம்மா. பாதையில சாணம் இப்பவும் கிடைக்குதா?"

"பாதையா? மாடு எங்கே இருக்கு ஐயா? ஊருக்குள்ள டிராக்டர் வந்துடுச்சு, மாட்டையெல்லாம் சந்தைக்கு ஓட்டிட்டாங்க. டிராக்டர் எங்கே சாணி போடுது?" என்று அவளே சிரித்தாள். பிறகு என் கைப்பையைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நோட்டு ஏதும் கொண்டாந்திருக்கீங்களா? இந்த முள்ளுக்கும் ஆளு கிடையாதுன்னு எழுதப் போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. ஒரு அடையாளம் வச்சுக்கிறேன்."

பையைத் திறந்து காட்டினேன். ஒரு துண்டும் வெற்றிலைப் பொட்டலமும் இருந்தன.

"சரி, கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றாள். நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகச் சுமையைத் தூக்கித் தலையில் ஏற்றினோம். எப்படி இருக்கிறாய் என்று கேட்க நினைத்தவன், "அடுப்பு எரியுதாம்மா?" என்று கேட்டேன்.

"எரியுதுங்க. முள்ளுதானே, நின்னு எரியாது. பக்கத்துலயே உட்கார்ந்து தள்ளிக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, சுமை ஆடாதபடி மெதுவாகச் சாலையைக் கடந்து போனாள்.