மணலும் பாஸ்பரஸும் எங்க வாத்தியாரும்

கர்வம் புடிச்சவராம்! ஏன்யா கிராணியாரே, செத்தவரப் பத்தி ஆபீசுல கணக்கு எழுதிக்கிட்டே இப்படியா பேசுவீங்க? ஒரு பொய் சொல்லிருந்தா உசுரோட இருந்திருப்பாராம். இங்க வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

பார்வதிம்மா, நீங்க உக்காருங்க. பாலோ ஊருலேருந்து வந்த சனங்களுக்காகச் சொல்றேன். சயாம்லேருந்து தப்பி வந்த ஒரு ஆளு நேத்து சேதி கொண்டாந்தான். பார்வதிம்மா வீட்டுக்காரரு, நம்ம சிவலிங்க வாத்தியாரு, அங்க ஜப்பான்காரன் ரயில் ரோடு போடுற எடத்துல காலரா கண்டு போயிட்டாரு.

சிங்கப்பூர்ல காலேஜு படிச்சவரு. அங்க குண்டு விழுந்ததும் பொண்டாட்டியோடயும் மச்சினனோடயும் இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து பள்ளிக்கூடத்த எடுத்து நடத்துனாரு. நான் ரெண்டாங் கிளாசோட ஓடினவன். அவரச் சீண்டுறதுக்குன்னே போவேன்.

சண்டை வந்ததுலேருந்து தீக்குச்சி கெடைக்கிறதில்லயேலா, வீட்டுக்கு வீடு கொள்ளிக்கட்டை வாங்கித்தான அடுப்பு பத்துது. "என்ன வாத்தியாரே, உங்க படிப்புல ஒரு தீக்குச்சி வருமா?"ன்னேன்.

சிரிச்சாரு. "பெரியவரே, மணல்ல சிலிக்கான்னு ஒண்ணு இருக்கு. அதுல ரொம்பக் கனமான ரகத்துக்குள்ள ஒரு நியூட்ரான் கூடுதலாப் புகுந்துட்டா நிலையா நிக்காது. ரெண்டரை மணி நேரத்துல பாதி, எலக்ட்ரான வெளிய வீசிட்டு, தீப்பெட்டியில தடவுற பாஸ்பரஸா மாறிடும். மிச்சத்துல பாதி, அடுத்த ரெண்டரை மணியில."

"எது மொதல்ல போகும்?"

"யாராலயும் சொல்ல முடியாது. அதுக்கு வயசே ஆகாது. ரெண்டு மணி நேரமா இருக்கறதும் இப்பப் பொறந்ததும் ஒண்ணுதான்."

"அலமாக்! எனக்கு எழுபதாச்சு, என்னையும் அதுல சேத்துருங்க"ன்னேன்.

இத அரைகுறையா ஜப்பான் மானேஜர்கிட்ட ஓதினது யாரு, கிராணியாரே? மணல்லேருந்து தீக்குச்சி மருந்து எடுப்பாருன்னு! மானேஜரு கூப்பிட்டு விட்டான். செஞ்சு குடுத்தா இங்கயே இரு, இல்லன்னா சயாம்னான்.

"அது ஆய்வுக்கூடத்துலதான் நடக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு, என்னால முடியாது"ன்னுட்டு வந்துட்டாரு.

நான் வாசல்லயே கையப் புடிச்சேன். "முடியும்னு சொல்லித் தொலைங்க வாத்தியாரே, மணலக் கிளறிக்கிட்டே சண்டை முடியிற வரைக்கும் ஓட்டிரலாம்."

பார்வதிம்மா, நீங்களும் அதத்தான் சொல்லி அழுதீங்க. பொண்டாட்டிய விட உண்மை பெருசாப் போச்சான்னு கேட்டீங்க. அந்தக் கோவம் இன்னும் உங்க மொகத்துல இருக்கு. ஏன் பொய் சொல்லலங்கறத உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. ஆளே போனப்புறம் என்ன சத்தியம்?

அன்னைக்கு எனக்கு மட்டும் சொன்னாரு. "பெரியவரே, மானேஜரு ஒதவிக்கு ஒரு ஆளத் தருவானாம். மருந்து வரலன்னா மொதல்ல அந்த ஆளு தலையத்தான் எடுப்பானாம். ஆளயும் சன்னல் வழியாக் கைகாட்டிட்டான்."

அங்க வெறகு பொளந்துகிட்டு நின்னது உங்க தம்பிதாம்மா.

அட, மொகத்த மூடிக்கிட்டு எங்கம்மா எந்திரிச்சிப் போறீங்க? இன்னும் முடிக்கல. சயாம் லாரியில ஏறுறப்போ உங்களுக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அதக் கேட்டுட்டுப்...