சிப்பாய் கிழித்த வைரப் படம்

மகளுக்கு நாளை மட்டக்களப்பில் புவியியல் சோதனை. வாவித்துறையில் தோணி புறப்படக் காத்து நிற்கிறோம். காவலரணில் பையைச் சோதித்த சிப்பாய் அவளுடைய கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வைத்துக்கொண்டான். பதுங்கு சுரங்கத்தின் படமாம்! நூறு கிலோமீற்றர் ஆழத்தில் அமிழ்ந்த பாறை, அழுத்தத்தில் உருமாறும்போது வைரம் உண்டாவதைத்தான் அவள் கீறியிருந்தாள்.

"விடுங்க அக்கா. நெருக்குப்பட்டாத்தானே வைரம் வரும்? புள்ளையும் அப்பிடி வரும்," என்கிறார் தோணிக்காரர்.

"இந்தப் பாறையில வாற வைரம் கண்ணுக்கே தெரியாத துகள், தம்பி. மிச்சமெல்லாம் நசுங்கின பாறை. எங்கட புள்ளையள் ஏன் நசுங்க வேணும்?"

அவர் தோணிக் கயிற்றை அவிழ்க்கக் குனிகிறார்.

"அம்மா, நாளைக்கு இந்தக் கேள்வி வந்தா நான் படம் கீறலாமா?" என்று மகள் கேட்கிறாள்.

"கீறு மகள், பெரிசாக் கீறு!" என்று கத்துகிறேன். காவலரணில் கேட்டிருக்குமோ என்ற பயம் பிறகுதான் வருகிறது.