எருக்கலைக்குக் கட்டின சிவப்புத் துணி

கீரி எண்ட எங்கட ஊரில இருந்துகொண்டு எருக்கலைக் கண்டு விக்கிறது, கடற்கரையில நிண்டு மணல் விக்கிற மாதிரியான தொழில். கண்டு வளர்த்துப் பிழைக்கிற ஆக்களே, உங்களுக்காவது என்ர பாடு விளங்கும்.

தாழ்வுபாட்டுப் பக்கத்தில ஒரு பள்ளிக்கூடம். அதைப் பொறுப்பாய் நடத்திற மடத்துச் சிஸ்ரர், பிள்ளையளுக்கு வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போடவேணும் எண்டு என்னட்டை வந்தா. பூச்சி முட்டை போட எருக்கலைதான் வேணும் எண்டு பெரிய ஆள்மாதிரிச் சொன்னது நான்தான். அடுத்த வருசம் பிறக்கிறதுக்குள்ள பூச்சி வந்தால் மிச்சத் தோட்டமும் என்ர பொறுப்பு. வராட்டி எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டு வேற ஆளிட்டைக் குரோட்டன் வாங்கி வைப்பினம். கண்டு விக்கிற என்ர சின்ன நேசறி நிமிர்றதும் படுக்கிறதும் அந்தக் கண்டுகளிலதான் கிடந்தது.

கழுதை யாவாரம்

மீன்பெட்டி கட்டின மோட்டச்சைக்கிளில வந்த ஒருத்தர் வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தார். பொலித்தீன் பையளில எருக்கலை வரிசையாய் நிக்குது. விலை கேட்டார், சொன்னன். றோட்டில நிக்கிறதைக் கிண்டினால் ஆழத்து வேர் அறுந்து செத்துப்போகும், இதைப் பையோட கொண்டுபோய் நடலாம் எண்டும் விளங்கப்படுத்தினன். மனிசன் நல்ல பொறுமையாய்த்தான் கேட்டார். கேட்டு முடிச்சிட்டு, றோட்டுக்கு நடுவில நிண்ட, ஆருக்கும் சொந்தமில்லாத கழுதையளைக் காட்டினார்.

"அப்ப அக்கா, உதுகளையும் பையில போட்டு வையுங்கோவன். திரும்பி வரேக்க ரெண்டு வாங்கிறன்."

குடும்பத்தோட வந்த பூச்சி

முருங்கனில அரிசி யாவாரம் செய்யிற ஐயா ஒருத்தர் வீட்டுக்கு வண்ணத்துப்பூச்சி வரும் எண்டு ஆசைப்பட்டு ஒரு கண்டு கொண்டுபோனார். கொஞ்ச நாளால அதைப் பையோட தூக்கிக்கொண்டு பஸ்ஸில வந்து இறங்கினார். இலையெல்லாம் ஓட்டை. மஞ்சளும் கறுப்புமாய்க் கோடு போட்ட புழுக்கள் அவரைப் பார்த்துக்கொண்டே திண்டுகொண்டிருந்தன. எனக்கெண்டால் சந்தோசம் தாங்கேல்லை. "ஐயா, இதுதான் வண்ணத்துப்பூச்சி, மருந்து கிருந்து அடிச்சுப்போடாதேங்கோ" எண்டன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு இன்னொருக்காப் பார்த்தார்.

"நான் பூச்சியைத்தான் கேட்டனான், பிள்ளை. அதின்ர குடும்பத்தைக் கேக்கேல்லை."

இவரின்ர தண்ணி

சிஸ்ரருக்கெண்டு போட்ட நாத்து முளைச்சு வந்த நேரம் நான் ஒரு செத்த வீட்டுக்குப் போய் ஒரு கிழமை நிக்கவேண்டி வந்திட்டுது. எருக்கலைக்கு மணல் காய்ஞ்சால்தான் தண்ணி. என்ர மனிசனுக்கு எல்லாம் கத்தரிக் கண்டுதான். காலமையும் பின்னேரமும் வாளி வாளியாய் ஊத்தியிருக்கிறார். நான் திரும்பி வர நாத்து, பையில நிண்டது எல்லாம் அடி அழுகிச் சரிஞ்சு கிடக்குது. எனக்கு அழுகை வந்திட்டுது. அவர் வாளியைக் கீழ வைக்காமலே சொன்னார்.

"தாகத்தில செத்தது எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லேலாது."

கட்டினதும் கேட்டதும்

கம்பு வெட்டி நட்டுப் பார்த்தன், அதுவும் அழுகிப்போச்சு. திரும்ப விதைதான் வேணும். கச்சான் காத்தில காய்கள் வெடிச்சு, பஞ்சோட விதை முழுக்கக் கடலுக்குப் பறந்திட்டுது. தாழ்வுபாட்டு றோட்டில ஒரேயொரு எருக்கலைப் பத்தையில மட்டும் பச்சைக் காய் மிஞ்சி நிண்டது. வெடிச்சாலும் விதை உள்ளுக்கயே கிடக்கட்டும் எண்டு, சட்டை தைச்சு மிஞ்சின சிவப்புத் துணியில சின்னச் சின்னப் பை தைச்சு ஒவ்வொரு காயிலயும் கட்டிவிட்டு வந்தன்.

பிறகு ஒருநாள் அந்த றோட்டோரத்தைத் துப்பரவாக்கினம் எண்டு கேள்விப்பட்டு விழுந்தடிச்சு ஓடினன். பத்தை பறுகு ஒண்டும் இல்லை, எல்லாம் வழிச்சுத் துடைச்சுக் கிடக்குது. என்ர எருக்கலை மட்டும் நிக்குது. நான் கட்டினதைவிட ரெண்டு மடங்கு துணி அதில ஆடுது. சனம் என்ர பையை நேர்த்திக்குக் கட்டின துணி எண்டு நினைச்சு, தாங்களும் கட்டி அதை நேர்த்தி மரமாக்கிப் போட்டுது. வெட்ட வந்த ஆக்களும் பயந்து கை வைக்கேல்லை.

ஆரும் வெட்ட முதல் காயைக் கொண்டுபோவம் எண்டு பையை அவிழ்க்கக் கை நீட்டினன். பக்கத்தில கருவாடு காயவைக்கிற மெற்றில்டா அக்கா ஓடிவந்து கையைப் பிடிச்சா. அவவின்ர மகள் பிள்ளைப்பேறுக்கு ஆஸ்பத்திரியில. பிள்ளை தங்காமல் தங்காமல் இந்த முறைதான் மாசம் நிறைஞ்சிருக்கு. "அக்கா, இது நேர்த்தி இல்லை. நான் கட்டின விதைப்பை" எண்டு உள்ளதைச் சொன்னன். அவ பிடிச்ச கையை விடேல்லை.

"கட்டினது நீயாய் இருக்கட்டும். கேட்டது நான்."

அதுக்குப்பிறகு எப்பிடி அவிழ்க்கிறது? வெறுங்கையோட வீட்டை வந்தன்.

இலையில்லாத தோட்டம்

பிள்ளை சுகமாய்ப் பிறந்தது, பெட்டைக்குட்டி. நேர்த்தி அவிழ்க்க மெற்றில்டா அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனா. காய்கள் உள்ளுக்க வெடிச்சு ஒவ்வொரு பையும் பஞ்சால பொம்மிக்கொண்டு இருந்தது. ஒரு விதையும் பறக்கேல்லை. அண்டைக்கே நான் அவிழ்த்திருந்தால் முத்தாத காயைத்தான் கொண்டுபோயிருப்பன். ரெண்டு பேரும் நடுறோட்டில நிண்டு அழுதம்.

முளைச்ச கண்டுகளைப் பள்ளிக்கூடத்தில நட்டு, அதுகள் தழைக்க அடுத்த வருசமும் பிறந்திட்டுது. ஒருநாள் சிஸ்ரர் போனில கூப்பிட்டா. குரலில சிரிப்பில்லை. சரி, குரோட்டன்தான் எண்டு நினைச்சன்.

"உன்ர கண்டில ஒரு இலையும் இல்லை, பிள்ளை. மணி அடிச்சும் ஒருத்தரும் வகுப்புக்கு வரேல்லை, எல்லாரும் பூச்சிக்குப் பின்னாலதான் திரியினம். இன்னும் கொஞ்சக் கண்டு கொண்டு வா."

இப்ப சிஸ்ரர் பூச்சிக்கு வாங்கிறா, மற்றச் சனம் நேர்த்திக்கெண்டு "சிவப்புத் துணி கட்டினது இருக்கோ" எண்டு கேட்டு வாங்குது, ஆர் என்னத்துக்கு வாங்கினாலும் புழு ஒரேமாதிரித்தான் தின்னுது.