ஆவி பிடிப்போர் சங்கம்

எங்கள் வீட்டில் மாம்பழம் மணக்கும். மாம்பழம் இருக்காது. அடுத்த வளவுக்காரி இரண்டு தடவை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, வெட்டினதில எங்களுக்கும் ஒரு கீறு தரப்படாதா?" என்று கேட்டுவிட்டாள். என் மனைவி என்னைக் கைகாட்டி, "அந்தா நிக்கிறார். அவர்ட வாயிலதான் பழுத்திருக்கு" என்றாள்.

அந்த மணம் என் இலத்திரனியல் சிகரெட்டிலிருந்து வந்தது. விரல் நீளத்தில் ஒரு கருவி. உள்ளே பற்றரியும் மணமூட்டிய திரவமும் இருக்கும். இழுத்தால் வெள்ளையாக ஆவி வரும். நாங்கள் அதை மெசின் என்போம். காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர்தான் அதை எனக்குப் பழக்கியவர். நானா என்றுதான் கூப்பிடுவேன். கட்டாரில் எட்டு வருடம் இருந்தவர். அங்கே சிகரெட்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தவர்.

நான் கலியாணம் முடித்துப் பத்தொன்பது வருடம் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பற்றினேன். என் மனைவிக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கும், நெஞ்சு கீச்சிடும். முட்டு வந்தால் அவளால் பாயில் படுக்க முடியாது. சுவரில் தலையணையைச் சாத்தி, குந்தியிருந்தபடியே கண்ணயர்வாள். ஒருநாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளிடம், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். நான் மேலே சுழன்ற காற்றாடியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "றோட்டால போறவங்க பத்துவாங்க" என்றாள்.

அந்தப் பதிலுக்காகவே விட்டிருக்க வேண்டும். விடாமலும் இல்லை. ஐந்து தடவை விட்டேன், ஆறு தடவை தொடங்கினேன்.

மெசின் வந்தபிறகுதான் சிகரெட் வீட்டைவிட்டுப் போனது. அதை மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பேயை விரட்ட இன்னொரு பேயைக் கூப்பிட்ட கதைதான். ஆனாலும் மூன்றாம் மாதம் அவள் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்ததை என் கண்ணால் கண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் கலியாணத்தன்றும் வரவில்லை.

பிரச்சினை என்னவென்றால், இந்த நாட்டில் மெசினை விற்கத் தடை. அது முன்பே இருந்த தடைதான். எங்கள் பக்கத்தில் தடை என்பது, பார்க்க ஆள் வரும்வரைக்கும் வெறும் செய்தி. ஆட்கள் வந்தார்கள். பட்டினத்துக் கடைகளில் தேடுகிறார்களாம் என்று கதை பரவியது. ஊருக்குள் வந்துகொண்டிருந்த திரவப் போத்தல்கள் நின்றுபோயின. முச்சந்திக் கடையில் சிகரெட் மட்டும் வழமைபோலக் கண்ணாடிப் பெட்டிக்குள் ராசா மாதிரி இருந்தது. எனக்கு வந்த கோபம் அதனால்தான்.

என்னிடம் மிஞ்சியது இரண்டு போத்தல். என்னை எனக்குத் தெரியும். அவை முடிகிற அன்றைக்கு என் கால் என்னைக் கேளாமல் முச்சந்திக்குப் போகும். அடுத்த மாதம் அவள் திரும்பவும் சுவரில் சாய்வாள்.

"சும்மா இருந்தாச் சரிவராது தம்பி. ஆக்களைச் சேர்ப்பம். கையெழுத்து வாங்கி அரசாங்கத்துக்கு அனுப்புவம்" என்றார் நானா.

ஆரையம்பதியில் என் போட்டோ கொப்பிக் கடைக்குள் முதல் கூட்டம் நடந்தது. மூன்று பேர். நானும் நானாவும் போக, மூன்றாமவர் பெரியகல்லாற்றில் வாவியில் வலை போடுகிற அண்ணன் ஒருவர். மருமகன் சவூதியிலிருந்து அவருக்கு ஒரு மெசின் கொண்டுவந்து கொடுத்திருந்தான். "தோணியில நெருப்பெட்டி நனைஞ்சி போகும். இதுக்கு நெருப்பெட்டி தேவையில்ல" என்பதுதான் அவருடைய முழு நியாயமும். மெசினும் நனைந்தால் கெட்டுப்போகும் என்று நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. எங்களுக்கு ஆள் தேவை.

சங்கத்துக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல் வந்தது.

"பேரில சிகரெட் எண்ட சொல் வரப்படாது" என்றார் நானா. "எங்கட வாப்பா பள்ளிவாசல் நிருவாகத்தில இருக்காரு."

இலத்திரனியல் என்று மட்டும் போட்டால் பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்றேன் நான்.

மீன்பிடிக்கிற அண்ணன் மெசினை ஒரு இழுவை இழுத்து விட்டார். "இதில புகையா வருது? ஆவிதானே. ஆவி எண்டே போடுங்களன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். உடனே சிவப்பெழுத்தில் நோட்டீஸ் அடித்தேன். 'ஆவி பிடிப்போர் நலச் சங்கம். ஆவி பிடிப்பது எமது உரிமை. ஆவி பிடிப்போர் அனைவரும் வருக. ஞாயிறு மாலை நான்கு மணி, வாசிகசாலை மண்டபம்.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மட்டக்களப்பார் மந்திரக்காரர், அங்கே போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் எங்களைப் பற்றிச் சொல்வதுண்டு. நாங்கள் கேட்டுச் சிரிப்போம். இருந்தாலும் அப்படிப் பெயர் எடுத்த ஊரில், ஆவி என்று சிவப்பெழுத்தில் அடித்து மதிலுக்கு மதில் ஒட்டக்கூடாது என்ற புத்தி எனக்கு இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. நானா வாசலில் நின்று, "அல்லாஹ்வே, இவ்வளவு பேரா இழுக்கிறாங்க" என்று என் காதுக்குள் சொன்னார்.

முன்வரிசையில் சளியும் தடிமனும் பிடித்த பெண்கள் நாலைந்து பேர், துவாயும் நொச்சியிலையுமாக இருந்தார்கள். கொதிதண்ணிப் பானை எங்கே என்று கேட்டார்கள். கொரோனாக் காலத்தில் நாடே போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடித்ததல்லவா, திரும்பவும் யாரோ இலவசமாகத் தொடங்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒருவர் தன் மாமியாரைக் கூட்டிவந்து உட்கார்த்தியிருந்தார்.

"மாமிக்கு மூணு மாசமாப் பிடிச்சிருக்கு" என்றார் அவர். "எந்தச் சங்கமெண்டாலும் பரவாயில்ல. இறக்கித் தந்தாப் போதும்."

மாமி பக்கத்தில் நிம்மதியாகக் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

நானா எழும்பினார். புடைவை விற்ற வாய் அது. எதையும் விரித்துக் காட்டி மடித்துவிடும். "இஞ்ச பாருங்க, நாங்க பிடிக்கிற ஆவி வேற" என்று தொடங்கினார்.

"எந்தப் பக்கத்து ஆவி?" என்றார் மாமியின் மருமகன்.

"சீனா. கட்டார் வழியா வாறது."

மாமி மிஞ்சிய கச்சானைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தார். "எனக்கு இருக்கிறதே காணும் மகன். சீனத்து ஆவியோட என்னால கதைக்கேலா" என்றபடி வெளியே நடந்தார். மருமகன் பின்னால் ஓடினார். அன்றைக்குப் பிறகு மாமிக்கு ஒன்றும் பிடிக்கவில்லையாம். அந்தப் பெருமையை நானா இன்றுவரைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வந்த சனத்திடம் கையெழுத்தாவது வாங்குவோம் என்று படிவத்தைக் கொடுத்தோம். எல்லாரும் போட்டார்கள். நிவாரணம், வீட்டுத்திட்டம், மலசலகூடம் என்று எத்தனை படிவத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பழகிய சனம். துவாயோடு வந்த பெண் ஒருத்தி, "இது எப்ப தருவீங்க?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நானா "கிடக்கட்டும் தம்பி, கையெழுத்துத்தானே" என்றார். மீன்பிடிக்கிற அண்ணன் படிவங்களைக் கட்டோடு வாங்கிக் கிழித்துப்போட்டார். உண்மையாக மெசின் இழுப்பவர்கள் சிலர் வாசல்வரை வந்து, ஊரே உள்ளே இருப்பதைக் கண்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனதைப் பிறகுதான் அறிந்தோம்.

அடுத்த கிழமை பெயரை மாற்றினோம். நுகர்வோர் உரிமைக் குழு. இதில் புகையும் இல்லை, ஆவியும் இல்லை. புதிய படிவம் அடித்தேன். பெயர், நுகரும் பொருள், எத்தனை வருடம், உங்கள் கோரிக்கை. இந்தமுறை ஆட்களைத் தேடி வீடுவீடாகப் போனோம். எல்லாரும் எங்கள் கட்சிதான். தங்கள் பெயரை மட்டும் எழுதமாட்டார்கள். ஒருவருக்கு மாமனார் பயம், ஒரு வாத்தியாருக்குப் பள்ளிக்கூட அதிபர் பயம், நாற்பது வயதான ஒருவருக்கு இன்னும் உம்மா பயம். அலைந்து திரிந்து ஒன்பது படிவம் தேறியது. அதில் மூன்று எங்களுடையது.

படிவங்களை வீட்டு மேசையில் வைத்திருந்தேன். மனைவி ஒன்றை எடுத்து வாசித்தாள்.

"நுகர்வோர் எண்டா ஆரு?"

"வாங்கிப் பாவிக்கிற ஆக்கள்."

"நுகர்றது எண்டா மணக்கிறதெல்லோ? எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் படிப்பிச்ச."

"அதுவுந்தான்" என்றேன்.

அவள் பேனையை எடுத்து உட்கார்ந்தாள். பத்தாவது ஆள் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. பெயரை எழுதினாள். நுகரும் பொருள் என்ற இடத்தில் சிகரெட் என்று எழுதினாள். எத்தனை வருடம் என்ற இடத்தில் பத்தொன்பது என்று எழுதினாள்.

"நீ எப்ப சிகரெட் பத்தினாய்?"

"நீங்க பத்தினதை ஆரு நுகர்ந்த?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கோரிக்கை என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து, வடிவான எழுத்தில் எழுதினாள். 'மெசின் இருந்தாலும் இல்லாட்டியும் இவர் முச்சந்திக் கடைக்குப் போகக் கூடாது.'

"இது அரசாங்கத்துக்குக் குடுக்கிற படிவம் புள்ள."

"அரசாங்கமா அந்தக் கடைக்குப் போற?"

நுகர்வோரைத் தேடி ஊர் ஊராக அலைந்தேன். முதல் நுகர்வோர் என் வீட்டுச் சுவரில் சாய்ந்து இருந்திருக்கிறாள். அவளிடம் யாரும் ஒரு கையெழுத்துக் கேட்டதில்லை.

ஒன்பது படிவங்களையும் பிரதேச செயலகத்தில் கொடுத்தோம். கிடைத்தது என்று முத்திரை குத்தித் தந்தார்கள். அதற்குமேல் பதில் இல்லை. நானா இப்போது ஒரு சட்டத்தரணியைப் பார்த்துக் கதைக்கிறார். அடுத்த கூட்டத்துக்கும் நான்தான் நோட்டீஸ் அடிப்பேன். சிகரெட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவைத்துவிட்டு இதைத் தடுப்பது அநியாயம் என்பதில் எனக்கு மாற்றமில்லை. பத்தாவது படிவம் மட்டும் என் கடை மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

கடைசிப் போத்தலும் முடிந்துவிட்டது. முடிந்த கிழமை வாடிக்கையாளர்களோடு சண்டை பிடித்தேன். ஒருவருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைத் தலைகீழாகக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை கால் முச்சந்திக்குப் போனது. இரண்டு தடவையும் இஞ்சி டொபி வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடைக்காரர் வயிற்றில் ஏதும் கோளாறா என்று கேட்டார்.

நேற்றுப் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். மாம்பழ மணம் இல்லை. இறால்கறிதான் மணந்தது. அவள் பாயில் நீட்டி நிமிர்ந்து கிடந்தாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெஞ்சு கீச்சிடுகிறதா என்று குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். மூச்சு சீராக வந்துபோனது, கீச்சுச் சத்தம் இல்லை. வெளியூர்க்காரர் சொல்வதில் பொய்யில்லை, பாயோடு ஒட்டித்தான் கிடந்தாள். எழுப்பாமல் நானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.