செம்பு வயரும் அம்மாவின் வானொலியும்

அப்பாவின் கார் அப்பாவைவிட மூத்தது. திருகோணமலையிலிருந்து கந்தளாய், தம்பலகாமம் என்று அதைத்தான் அவர் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்த காலமல்ல அது. எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்தக் கார் மாலையில் எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முனைக்கு வந்தாலே வீட்டு வானொலி கரகரவென்று கத்தத் தொடங்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒன்பது வயதில் எனக்கு இதுதான் பெரிய ஆராய்ச்சி. முதலில் கரகரப்பு வரும். ஒழுங்கை முனையிலிருந்த இராணுவச் சோதனைச்சாவடியில் அப்பா எஞ்சினை நிறுத்தியதும் அது அடங்கி, பாட்டுத் தெளிவாகக் கேட்கும். அந்தக் கொஞ்ச நேரம் அம்மா குசினியில் அகப்பையைக்கூட அசைக்காமல் நிற்பார். பிறகு மறுபடி கரகரப்பு, அப்பா வந்துவிடுவார். அம்மாவுக்குப் பாட்டென்றால் உயிர், பாவம், ஒன்றையாவது முழுதாகக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

படகு எஞ்சின் திருத்தும் மாமாவிடம் போய் விசாரித்தேன். அவர் அம்மாவின் தம்பி.

"அது அத்தான் வெட்டிப் போட்ட பிளக் வயராலதான், பிள்ளை. உள்ளுக்கு வெறும் செம்பு. பொறி அடிக்கிற ஒவ்வொருக்காலும் றேடியோவுக்குக் கேக்கும். கரி இழை வயர் போட்டால் சத்தம் போயிடும்."

அந்தக் கிழட்டுக் காருக்கு அளவான வயர் எந்தக் கடையிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு சுருளோடு வந்தார். நாலு பிளக்குக்கு நாலு, கொயிலுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். நான் சணலால் அளந்து கொடுக்க அவர் வெட்டினார். நுனியில் தோலை உரித்து, உள்ளேயிருந்த கறுப்பு இழையை மடித்து, அதன்மேல் பித்தளைக் கவ்வியை வைத்துக் குறட்டால் நெரித்தார். முதல் வயரில் றப்பர் தொப்பியை மாட்ட மறந்து கவ்வியை நெரித்துவிட்டு அசடு வழிந்தார். அதன்பிறகு தொப்பி மாட்டுவது என் பொறுப்பு. சவர்க்கார நுரை தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் பூட்டி எஞ்சினை இயக்கினோம். உள்ளே வானொலி ஒரு சொல் பிசகாமல் பாடியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவிடம் வயர் மாற்றியதாக மட்டும் சொன்னோம்.

திங்கட்கிழமை மாலை பாட்டுக்குமேல் பாட்டு. அம்மா ஒன்றையும் கேட்கவில்லை. வாசல் படலைக்கும் குசினிக்குமாக நடந்தார். கறி அடிப்பிடித்தது. அப்பா வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தார். காரைக் கண்டதும் அம்மா வாசற்படியில் குந்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே மாமாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குப் பழைய வயரே வேணும். சத்தம் நிண்டு திரும்பத் தொடங்கினால்தான் அவரை விட்டிட்டாங்கள் எண்டு விளங்கும். நேற்று எனக்கு ஒண்டும் விளங்கேல்ல."

"ஓம் அக்கா," என்றார் மாமா. செம்பு வயர் வாங்கி வந்து, அதே அளவில் ஐந்தையும் மறுபடி வெட்டினார். தொப்பி மாட்டக் கூப்பிட்டபோது, "ஏலாது மாமா," என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு கோபம். அப்பாவை யார் பிடித்து வைத்திருந்தார்கள், விடுவதற்கு? எங்கள் அம்மாவுக்குப் பாட்டே பிடிக்காது என்று அடுத்த நாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.