பச்சை விளக்குக் காவடியும் ஏழு குடைகளும்

தைப்பூசத்துக்கு ஈப்போ போக வழி கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். எல்லாம் திட்டமிட்டுச் சொதப்பிய என் 1983 பயணத்தையே சொல்கிறேன், உதவும்.

என் அக்கா ராஜம் வாரமெல்லாம் ஈப்போவில் தங்கி, ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், நுண்ணோக்கியில் குனிந்து எல்.ஈ.டி. விளக்குகளுக்குக் கம்பி ஒட்டுவாள். முந்தின வருஷம் கண் மங்கிப் பயந்துபோனாள். பார்வை திரும்பினால் தன் வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், விளக்குக் காவடி எடுப்பார் என்று, அவரைக் கேட்காமலேயே வேண்டிக்கொண்டாள். திரும்பியது. கம்பிக்கால் வளைந்ததால் தொழிற்சாலையில் கழித்த நூற்றிருபது பச்சை விளக்குகளை மேலதிகாரியிடம் சீட்டு வாங்கி எடுத்து வந்தாள். ரேடியோக் கடையில் வேலை பார்த்த நான் அவற்றைக் காவடியில் கோத்தேன். வீட்டில் கதவைச் சாத்தி ஏற்றிப் பார்த்தோம், மனசு நிறைந்துவிட்டது.

எங்கள் வீடு இருந்த சுங்காய் தோட்டத்திலிருந்து ஈப்போ சுமார் 80 கிலோமீட்டர். லாரிக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். அந்தக் காலத்து எல்.ஈ.டி. வெயிலில் தெரியாது, அதனால் விடியுமுன் காவடி கிளம்ப வேண்டும் என்று காலை ஐந்துக்கே புறப்பட்டோம். கம்பாரில் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றில்லை. ஓட்டுநர் முத்தண்ணே அசரவில்லை.

“சாமி எங்கயும் ஓடிடாதுலா.”

காத்திருந்தபோது அக்கா தொழிற்சாலையில் கேட்டதைச் சொன்னாள். விளக்குக்குள் இருக்கும் படிகம் சுத்தமாக இருந்தால் சரியாக ஒளிராதாம். வேண்டுமென்றே வேறு அணுவைக் கலந்து அங்கங்கே ஒழுங்கைக் கெடுப்பார்களாம். கெட்ட அந்த இடம்தான் ஒளி விடுமாம், ஒரு தடவைக்கு ஒரே துளி. அந்தக் கணக்குக்கு, ஒழுங்கு கெட்ட நான் எப்போதோ எரிந்திருக்க வேண்டுமே என்றார் மச்சான்.

காவடிகள் கிளம்பும் புந்தோங் ஆற்றங்கரையில் இறங்கும்போது எட்டேகால். சுள்ளென்று வெயில். மச்சான் காவடியைத் தூக்க, நான் சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமே தெரியவில்லை.

“எரியுதா இல்லையான்னே தெரியலயே தம்பி. என் வேண்டுதல் போச்சு,” என்றாள் அக்கா. எனக்கும் அழுகை வந்தது.

காவடி பார்க்க வந்திருந்த அவளுடைய தொழிற்சாலைத் தோழிகளில் ஒருத்தியான மெய் லிங், வெயிலுக்குப் பிடித்த கறுப்புக் குடையோடு கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். குடை நிழல் விழுந்த இடத்தில் பச்சைப் புள்ளிகள் மினுங்கின. “ஜாஙான் கெராக்,” என்றாள் அக்கா மலாயில், நகராதே என்று. அடுத்த நிமிஷம் தோழிகள் ஏழு பேரும் குடை விரித்துவிட்டார்கள். அவற்றின் கீழே மச்சான் ஆடிக்கொண்டே மலைக்கோயில்வரை வந்தார், நான்கு கிலோமீட்டருக்குக் குறையாது. வழியெல்லாம் ஜனம் குனிந்து குனிந்து பார்த்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

போகிறவர்கள் ஆறு மணிக்குள் புந்தோங் சேருங்கள். கிளம்புமுன் மாற்று டயரைத் தட்டிப் பாருங்கள். குடை கறுப்பாகவே இருக்கட்டும்.

வழி முழுக்க அக்கா காவடியைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து வந்தாள். கோயில் வாசலில் என்னைக் கூப்பிட்டாள்.

“மூணாவது வரிசையில ஒண்ணு எரியல தம்பி.”

அந்தக் கண்ணுக்காகத்தான் காவடியே எடுத்தோம்.