ஸ்டேரிங் காணவில்லை, ஓகே

எங்கள் கம்பெனியில் லோரிகள் பழுதாவதற்கு முன்பே சரியாகிவிடும். நம்புங்கள்.

பாயான் லெப்பாஸ் யார்டில் இருபது லோரிகள். பழுது பார்க்க ஒரே ஒரு ஃபோர்மேன் அண்ணன். அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேரும் சிப் தொழிற்சாலையில் ஏர்கோன் காற்று வாங்கப் போய்விட்டார்கள். காலையில் வண்டியை எடுக்குமுன் நாங்கள் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் குறையை எழுத வேண்டும். அவர் வண்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் 'ஓகே' என்று கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனுக்கு ஏது நேரம்? திங்கட்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் மொத்தமாக ஓகே போட்டுவிடுவார். மிச்சமிருக்கும் இடத்தில் நாங்கள் குறையை நிரப்புவோம்.

ஐந்து வாரம் 'வைப்பர் ஓடவில்லை' என்று எழுதினேன். ஓகே. ஒவ்வொரு மழையிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினேன். ஆறாவது வாரம் 'ஸ்டேரிங் காணவில்லை' என்று எழுதினேன். ஓகே. மறுவாரம் 'என்ஜின் லீவு போட்டு ஈப்போவுக்குப் போயிருக்கிறது' என்றேன். அதற்கும் ஓகே. அப்புறம் என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. விடிந்ததும் பாலில்லாத தே ஓ டீப் பொட்டலத்தை விரலில் மாட்டிக்கொண்டு டிரைவர்கள் என் வரியைப் படிக்கக் கூடினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வாசகர்கள்! தலைகால் புரியவில்லை.

மாட்டிக்கொண்டது ஒரு புதன்கிழமை.

முந்தின நாள் பாலேக் பூலாவ் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்த ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. எங்கள் லோரி பிரேக் காற்றில் வேலை செய்வது. காற்று தீர்ந்தால் பின்சக்கரங்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். சமதரையில் அது பாதுகாப்பு. மலை வளைவில், ஆறு டன் டைல்ஸோடு பூட்டிக்கொண்டால், எந்தப் பக்கம் விழுவது என்பதை லோரி தீர்மானிக்கும். நல்லவேளை, அன்றைக்கு வண்டி காலி. ஆனாலும் கீழே வந்து சேர்ந்தபோது நான் மூன்று மதத்துச் சாமிகளையும் கூப்பிட்டு முடித்திருந்தேன்.

புதன்கிழமை டைல்ஸ் ஏற்றிவிட்டார்கள். அதே மலை. நான் புத்தகத்தை எடுத்து, மறுபடியும் நல்ல பிள்ளையாக எழுதினேன்: 'பிரேக்கில் காற்று நிற்கவில்லை. ஓட்ட முடியாது.'

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணே, இன்னைக்கு கொஞ்சம் சுமார்தான்," என்றான் ஒருவன்.

மாடியில் கண்ணாடிக்குப் பின்னால், வண்டிகளை அனுப்பும் டிஸ்பேட்ச் தங்கச்சி. புத்தகப் பக்கத்தின் படம் தினமும் அவள் போனுக்குப் போகும். ஓடினேன்.

"மா, நெஜமாவே பிரேக் சரியில்ல."

"அண்ணே, ஓகேன்னு இருக்கே."

"அது திங்கக்கெழம போட்ட ஓகே!"

"போன வாரம் என்ஜின் ஈப்போ போச்சுன்னு எழுதினீங்க. வண்டி ஓடுச்சா இல்லையா? பத்து மணிக்கு சரக்கு அங்க இருக்கணும், கஸ்டமர் கத்துறான். முடியாதுன்னா சொல்லுங்க லா, தாடி அண்ணன்கிட்ட சாவியக் குடுக்கிறேன்."

தாடி இங்கே இன்னொரு டிரைவர், என் இருபது வருஷக் கூட்டாளி. யார் எதைக் கொடுத்தாலும் 'போலே, போலே', முடியும் என்று வாங்கிக்கொள்ளும் மனுஷன். நான் மறுத்தால் அந்த வளைவில் அவன் இருப்பான். என் நகைச்சுவைக்கு அவன் விழுவதா?

சாவியை ஜட்டிக்குள் ஒளிக்கலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளையாக அதைவிடச் சற்று மேலான யோசனை ஒன்று வந்தது. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேறொரு லோரிக்கு அடியில் கிடந்த ஃபோர்மேன் அண்ணனின் காலைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணே, ஓகே போட்டவரு பக்கத்துல வந்து உக்காருங்க. யார்டுக்குள்ள ஒரே ஒரு சுத்து."

"டேய், வேல கெடக்கு லா!"

"உக்காந்து பாத்துட்டு ஓகேன்னா நான் மலைக்குப் போறேன்."

முணுமுணுத்தபடி ஏறினார். கிளம்பினேன். ஒரு மிதி. உஸ்ஸ். "கேட்டுச்சா?" இன்னொரு மிதி. "முள்ளப் பாருங்க!" காற்றின் அளவைக் காட்டும் முள் இறங்க இறங்க எனக்கு உற்சாகம் ஏறியது. நான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கும் ஆனந்தத்தில் தபேலா வாசிப்பதுபோல மிதித்துக்கொண்டே போனதில், எங்கே போகிறோம் என்று கவனிக்கவில்லை. பீப்பீ என்று அலாரம் அலறியது. அடியில் ஏதோ 'டப்' என்றது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. அலாமாக்! நடு கேட்டில்!

உள்ளே வர முடியாமல் முன்னால் இரண்டு லோரிகள். வெளியே போக முடியாமல் பின்னால் முதலாளியின் கார். (வேண்டுமென்றே கேட்டை மறித்து நியாயம் கேட்டேன் என்று பிற்பாடு யார்டில் பெருமையாகப் பேசினார்கள். நான் மறுக்கவில்லை.)

முதலாளி இறங்கி வந்தார். "என்னா இது?"

"பிரேக், பாஸ்," என்றார் ஃபோர்மேன் அண்ணன், முகமெல்லாம் வேர்த்து.

"புக்குல எழுதலயா? புக்கு எங்க?"

புத்தகத்தின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். பிரேக்கைப் பற்றி ஒரு வரி. அதற்கு முன்னால் ஸ்டேரிங், என்ஜின், 'இடது டயர் காதல் தோல்வியில் இருக்கிறது'. எல்லாம் என் அழகான கையெழுத்தில். வேலை போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன். கெலுகோரில் நாசி லெமாக் சோறு விற்றால் எத்தனை பொட்டலம் போகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"எந்திரி," என்றார் முதலாளி.

எழுந்தேன். நின்றபடியே படித்தார். பக்கம் திருப்பினார். டிஸ்பேட்ச் தங்கச்சி படியிறங்கி ஓடிவந்து, "நான் ஓகே மட்டுந்தான் பாஸ் பாப்பேன்," என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

"ஏண்ணே, ஸ்டேரிங் கெடச்சிருச்சா?" என்று முதலாளி ஃபோர்மேனைக் கேட்டார். அவர் வானத்தைப் பார்த்தார்.

"கெடச்சிருச்சு பாஸ்," என்றேன் நான், முந்திரிக்கொட்டை மாதிரி.

திட்டு வரப்போகிறது என்று கண்ணை மூடினேன். வரவில்லை. திறந்து பார்த்தால், அவர் கட்டைவிரல் பக்கத்தின் அடியில் நின்றிருந்தது. வாரக் கடைசியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அவரும் ஒரு கையெழுத்துப் போடுவார். ஸ்டேரிங் காணாமல் போன வாரத்துக்கும் போட்டிருந்தார். ஈப்போவுக்கும். காதல் தோல்விக்கும்.

புத்தகத்தை மெல்ல மூடினார். காது சிவந்திருந்தது.

"வெளி வொர்க்‌ஷாப்ப கூப்பிடு. இங்கயே வச்சு சரி பண்ணு. கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார் தங்கச்சியிடம். என் பக்கம் திரும்பினார். "நீ... வைப்பரும் சரியில்லயாமே?"

"ஏழு வாரமா, பாஸ்."

"அதையும் மாத்து." பிறகு ஃபோர்மேனிடம்: "இனிமே ஓகே போடுறவங்க மொத டிரிப்புக்கு கூடப் போகணும்."

மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். நான், ஆறு டன் டைல்ஸ், பக்கத்தில் இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஃபோர்மேன் அண்ணன். பின்கண்ணாடியில் தாடி கையாட்டினான், முழுசாக, கைகால்களோடு. புது வைப்பரை, பொட்டு மழை இல்லாத வெயிலில், சும்மா போட்டுவிட்டேன். மலை உச்சி தாண்டி முதல் இறக்கம் தெரிந்ததும் அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மிதித்தேன். முள் அசையவில்லை. வண்டி வெண்ணெய்மாதிரி வேகம் குறைந்து வளைவுக்குள் நுழைந்தது.

சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணே," என்றேன், "ஸ்டேரிங்கக் காணோம்."

"டேய்ய்ய்!" என்று அவர் போட்ட சத்தம் பாலேக் பூலாவ் வரை கேட்டிருக்கும்.